நெருப்பு இல்லை என்றொரு தீர்ப்பு

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

போதும். இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி இருக்க மாட்டேன். நான் நலம். உங்கள் ரத்த அழுத்தம், அக்காவின் முட்டி வலி இரண்டையும் பற்றி எழுதவும். விசாரிக்க வேண்டியதை விசாரித்தாகிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை இறுதிப் போட்டியில் நீங்கள் சொன்ன தீர்ப்பு அநியாயம். ராப் சண்டை என்று பெயர் வைத்துவிட்டால் சண்டை மட்டும்தானா? இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்கிறார்கள். மூன்று சுற்று. பின்னணி இசை கிடையாது, மேலே கை படக் கூடாது. இவ்வளவையும் கழித்த பிறகு மிச்சம் இருப்பது சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லை யார் நன்றாகக் கட்டினார்கள் என்று பார்க்கத்தானே நம் மூவரையும் நடுவர் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்?

ரேடியோக்காரர், மேடையில் புல்டோசர் என்று பெயர் வைத்துக்கொண்ட பையனுக்குக் கொடுத்தார். அவருக்குச் சத்தம் பிடிக்கும், அது அவர் தொழில். நான் குண்டூசி என்ற பெண்ணுக்குக் கொடுத்தேன். ஒன்றுக்கு ஒன்று. நீங்கள் மைக்கை வாங்கி ஒரு நொடிகூட யோசிக்காமல், “பொண்ணுகிட்ட நெருப்பு இல்ல. இது சண்டை போடற எடம், ஆறுதல் சொல்ற எடம் இல்ல” என்றீர்கள். கூட்டம் சிரித்தது. நான் அவளைப் பார்த்தேன். ஆல்டரேஷன் கடையில் நாள் முழுக்கக் குனிந்து பேன்ட் உயரம் குறைக்கிற பெண். அப்போதுதான் முதுகை நிமிர்த்தி நின்றிருந்தாள். உங்கள் வாக்கியம் முடிந்ததும் அந்த முதுகு பழையபடி வளைந்தது.

எந்தக் காரணத்தால் அவள் தோற்றாள் என்று எனக்கு எழுத்தில் வேண்டும். போனில் கேட்கலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. ஆறு முறை அடித்துப் பார்த்தேன். நான் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள் போலும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்


மார்ச் 13

மச்சானுக்கு,

நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம்னு உன் லெட்டரைப் பார்த்தாலே தெரியுது. உடம்பு சரியில்லாதவனுக்கு இவ்வளவு நீளமா கோவம் வராது.

போன் எடுக்கலைன்னு எழுதியிருக்க. உன் கிளாஸ் பசங்களுக்கு மணி அடிச்சா விடுதலை, எனக்கு யாரு மணி அடிப்பா? அதனால எழுது. எழுத்துன்னா நடுவுல மடிச்சு வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்.

காரணம் கேட்ட. சொல்றேன். எல்லாரும் பேசறவனைப் பார்ப்பாங்க. நான் அடி வாங்கறவனைப் பார்ப்பேன். ஃபேக்டரி கேட்ல நின்னு எத்தனை வருஷம் பேசியிருக்கேன், உனக்கே தெரியும். நம்ம ஆளுங்க கை தட்டறதை நான் கணக்குலயே எடுத்துக்கிட்டதில்ல. மாடி ஜன்னல்ல மேனேஜர் நிப்பான், அவன் மூஞ்சியைத்தான் பார்ப்பேன். சட்டைக் காலரை இழுத்து விட்டான்னா அடி விழுந்துடுச்சுன்னு அர்த்தம். புல்டோசர் பேசினப்ப அந்தப் பொண்ணு உதட்டைக் கடிச்சுது. ஹாலே எழுந்து குதிச்சுது. பொண்ணு பேசினப்ப அவன் கல்லு மாதிரி நின்னான். ஒரு தலை அசையல, ஒரு கை மேல போகல. இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?

நீ சொல்லை எடை போடற. நான் வலியை எடை போடறேன். சண்டைன்னு வந்துட்டா என் தராசுதான் சரி.

உங்க அக்கா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னா.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 21

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். வேளைக்குத்தான் சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லவும்.

உங்கள் தராசை நான் அறிவேன். உங்கள் கல்யாணத்தில், கல்லூரி முதலாண்டு படித்த நான், பதினாறு வரியில் ஒரு வாழ்த்து எழுதி வந்து வாசித்தேன். ஆறாவது வரியில் மைக்கைப் பிடுங்கி, “மச்சான் முடிக்கறதுக்குள்ள சாப்பாடு ஆறிடும், எல்லாரும் வாங்க” என்றீர்கள். மண்டபமே சிரித்தது. மீதிப் பத்து வரியை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. மறந்திருப்பீர்கள். சிரிக்க வைத்தவர்களுக்கு மறதி எளிது.

அது போகட்டும். எனக்குக் கிடைக்காத துறைத் தலைவர் நாற்காலியும் போகட்டும். அதற்கும் “வாத்தியாருக்குக் குரல் பத்தலை” என்றுதான் காரணம் சொன்னார்கள். ஆனால் இந்தப் பெண் விஷயத்தில் விட மாட்டேன். புல்டோசர் சொன்னது இது:

நான் வந்தா வழி விடு, இல்லன்னா விழுந்து எழு,
உன் பாட்டு தாலாட்டு, போய் ஒரு தொட்டில் தேடு!

நல்ல சத்தம். ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அவள் குரலை ஏற்றாமல் சொன்னது இது:

நீ கத்துற கத்துல கண்ணாடி உடையும், சரி,
சில்லு பொறுக்க உங்கம்மா குனிவா, அது தெரியுமா?
உன் குரலுக்குப் பயந்தவங்க யாருன்னு எண்ணிப் பாரு,
முதல் ஆளு எதிரி இல்ல, வீட்டுல இருக்கற ஆளு.

அவன் ஆயுதத்தை அவன் கையிலிருந்தே வாங்கி, அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டாள். இந்த நான்கில் எந்த வரி பலவீனம்? ஒன்றைச் சுட்டிக் காட்டுங்கள், என் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
மைத்துனன்


ஏப்ரல் 24

மச்சானுக்கு,

சௌக்கியம். பதில் போட ஒரு மாசம் ஆயிடுச்சு, யூனியன் ஹாலுக்கு வெள்ளையடிக்கற வேலை இருந்துச்சு.

வரி வரியா பிரிச்சு மேயறது உன் வேலை, என் வேலை இல்ல. மொத்தமா பார்த்தேன், நெருப்பு இல்ல, சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு பேசறப்ப போட்டி ஹால் எழவு வீடு மாதிரி இருந்துச்சு. நல்ல சரக்குன்னா ஜனம் சும்மா உட்காருமா?

கல்யாணத்துல நடந்ததை இன்னும் வச்சுக்கிட்டிருக்கியா? அன்னிக்கு நெஜமாவே சாப்பாடு ஆறிக்கிட்டிருந்துச்சு.

அக்காவுக்கு முட்டி பரவாயில்ல.

அத்தான்


மே 2

அன்புள்ள அத்தானுக்கு,

நலமே. அக்காவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் தொடரட்டும்.

கூட்டம் சும்மா உட்கார்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான், அது அசந்துபோன கூட்டத்தின் அமைதி. எனக்குப் பின் வரிசையில் இருந்த ஒருவன், அதுவரை நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தவன், ‘வீட்டுல இருக்கற ஆளு’ என்ற இடத்தில் இறங்கி உட்கார்ந்தது எனக்குக் கேட்டது. புல்டோசர் அடுத்த சுற்றில் இரண்டு முறை வரி மறந்தான். மனப்பாடம் பண்ணி வந்தவன் எதற்காக மறந்தான்?

போட்டிக் குழு கொடுத்த வீடியோவை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அந்தப் பெண்ணை மட்டும் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன். போட்டியன்றும் கண்ணை மூடித்தான் இருந்தேன். கேட்ட பிறகும் நெருப்பு இல்லை என்றால் அதையே எழுதுங்கள். அதற்குக்கூட மனம் இல்லையென்றால், உங்களுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மைத்துனன்


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நான் சௌக்கியம், முட்டி அப்படியேதான். இந்த லெட்டர் எழுதறது அவருக்குத் தெரியாது. தபாலுக்கும் நானே நடந்து போய்த்தான் போடப் போறேன்.

உன் லெட்டர் வந்த அன்னிக்கு அவர் சாப்பிடல. ஒரு வாரம் கழிச்சு மத்தியானம் யூனியன் ஹாலுக்குப் போகாம வீட்டுல உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கிட்டார். நான் சமையல்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன், அந்தப் பொண்ணு குரல் எனக்குத் தெளிவாக் கேக்குது. வெளிய வந்து பார்த்தா, ஒயரைச் சரியாச் சொருகல. சத்தம் போன்லேர்ந்து வீடு முழுக்க வந்துக்கிட்டிருக்கு. அவர் காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கார். ஒயர் வெளிய தொங்கறது அவருக்குத் தெரியல, தம்பி.

உனக்கு இதுக்கு மேல நான் சொல்லணுமா? நாலு வருஷமா கொறஞ்சுக்கிட்டே வருது. தகடு அடிக்கற மிஷின் பக்கத்துலயே நின்ன காது. டாக்டர் காது மிஷின் வச்சுக்கச் சொன்னார். “கேட் மீட்டிங்ல பேசினவன் காதுல கொட்டையைச் சொருகிட்டு மேடையில உட்காரவா?”ன்னு எழுந்து வந்துட்டார். எதிர்ல நின்னு பேசினா வாயைப் பார்த்துப் பாதி புரிஞ்சுக்கறார், மீதியை மூஞ்சியைப் பார்த்து ஊகம் பண்ணிக்கறார். போன்ல எதைப் பார்ப்பார்? அதான் எடுக்கறதில்ல. உன்மேல கோவம்னு நீ நெனச்சுக்கிட்ட.

நான் போய் எதிர்ல உட்கார்ந்தேன். “அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?”ன்னு கேட்டார். நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வரியா சொன்னேன். கண்ணாடிச் சில்லு வரி, அம்மா குனியற வரி, எல்லாம். கடைசி வரிக்கு அப்புறம் என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். “நீயும் பயந்தியா?”ன்னு கேட்டார். மெதுவாக் கேட்டதா அவருக்கு நெனப்பு. எதிர் வீட்டு ஜன்னல் தெறந்துச்சு.

நான் பாத்திரம் அப்படியே கெடக்குதுன்னு எழுந்து போயிட்டேன்.

தம்பி, அவர்கிட்ட உனக்குப் பழைய வருத்தம் நெறைய. எல்லாமே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதை வெளிய விட்டுடாதே. கடையில, பஸ்ஸுல, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் “என்ன? என்ன?”ன்னு கேட்டு, ஜனம் மூஞ்சி சுளிக்கறதைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி வந்துட்டார். அந்த நடுவர் நாற்காலி ஒண்ணுலதான் யாரும் அவரைத் திருப்பிக் கேள்வி கேக்கறதில்ல.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் பிரித்தேன். அன்று வகுப்பு எடுக்கவில்லை.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். படித்து முடித்தவுடன் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, சந்தோஷம். கைக்கு ஒரு தடி கிடைத்த சந்தோஷம். போட்டிக் குழுவுக்கு நான்கு வரி எழுதினால் போதும், அத்தானின் பேச்சு, பெருமை, அந்தத் தராசு எல்லாம் ஒரே நாளில் சரியும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் வரை அந்தக் கணக்கிலேயே இருந்தேன்.

பிறகு வீடியோவை எடுத்தேன். இந்த முறை கண்ணைத் திறந்து, பேசுகிறவர்களை விட்டு நடுவர் நாற்காலியில் இருக்கும் அத்தானை மட்டும் பார்த்தேன். அவள் பேச ஆரம்பித்ததும் அவர் அவள் வாயைப் பார்க்கிறார். அவள் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்திருக்கிறாள், வாய் தெரியவில்லை. உடனே புல்டோசரின் முகத்துக்குப் போகிறார். அவன் பாதி முகத்தை அடைத்துக் கறுப்புக் கண்ணாடி. நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடிக்குப் பின்னால் ஏதாவது தெரியுமா என்றுகூடப் பார்க்கிறார். கடைசியில் கூட்டத்தைப் பார்க்கிறார். கூட்டம் உறைந்து போயிருக்கிறது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது, அவர் கண்ணுக்குத் தூங்கி வழிவது போலத்தானே இருந்திருக்கும்? அதைப் பார்த்த பிறகு என் கையில் தடி நிற்கவில்லை.

யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் ஆகஸ்டில் அடுத்த போட்டி. அவர் அந்த நாற்காலியில் மறுபடி உட்காரக் கூடாது. இன்னொன்று. அந்தப் பெண் கடைக்குப் பின்னால் நின்று கத்திப் பழகுகிறாளாம். என் மாணவன் ஒருவன் சொன்னான். அவளுடைய தோல்விக்கு யார் பதில் சொல்வது? நீதான் அவரிடம் பேச வேண்டும்.

உன் தம்பி


ஜூலை 9

மச்சானுக்கு,

சௌக்கியம். ஆகஸ்ட் போட்டிக்கு வர மாட்டேன்னு குழுவுக்குச் சொல்லிட்டேன். பிரஷர் கூடியிருக்கு, பிரயாணம் வேணாம்னு டாக்டர் சொல்றார். அடுத்த வருஷமும் வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிட்டேன்.

மார்ச்ல சொன்ன தீர்ப்புல மாத்தம் இல்ல. சொன்னது சொன்னதுதான்.

அக்கா சௌக்கியம். இப்பல்லாம் வீட்டுல நான் அதிகம் பேசறதில்ல.

அத்தான்


ஆகஸ்ட் 20

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். உங்கள் ரத்த அழுத்தம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை போட்டி நடந்தது. உங்கள் நாற்காலியில் ஒரு ஜிம் மாஸ்டர். குண்டூசி ஜெயித்துவிட்டாள். சந்தோஷப்பட்டு எழுதவில்லை.

முதல் வரியிலிருந்தே கத்தினாள். எதிராளியின் மூக்கு, உயரம், செருப்பு, கடையில் வாங்கிய மலிவுச் சரக்குகள் போல ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வீசினாள். கூட்டம் குதித்தது. நெஞ்சைத் தட்டினாள், காலை உதைத்தாள். நான் மார்ச்சில் கேட்ட பெண் அதில் எங்கும் இல்லை. மூன்றாம் சுற்றில் குரல் கிழிந்து வெறும் காற்று வந்தது, அதற்கும் கைதட்டல். மற்ற இருவரும் அவளுக்குக் கொடுத்தார்கள். நான் அவளுக்கு எதிராகக் கொடுத்தேன். அவளுக்காக உங்களோடு இவ்வளவு சண்டை போட்ட நான்.

கலைந்த பிறகு ஹால் படிக்கட்டில் அவளே வந்தாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு, “சார், உங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரியுது, பரவால்ல. அன்னிக்குப் பெரியவர் சொன்னாரே நெருப்பு இல்லன்னு, அவர் இன்னிக்கு வரலையா? இப்ப இருந்துச்சான்னு அவர்கிட்டதான் கேக்கணும்” என்றாள்.

“பழைய மாதிரியே எழுதும்மா, அதுதான் நல்லாருந்துச்சு” என்றேன்.

“நீங்க ஒருத்தர்தான் சார் அப்படிச் சொல்றீங்க. நீங்க சொல்லியும் நான் தோத்துட்டேனே” என்று சிரித்தாள். “பழைய நோட்டெல்லாம் கிழிச்சு, கடையில கத்தரி வெட்டுதான்னு பார்க்கக் கொடுத்துட்டேன்.”

அத்தான், எனக்கு எல்லாம் தெரியும். அக்காவைக் கோபிக்காதீர்கள். குழுவுக்கு ஒரு வரி எழுத மாட்டேன், உங்களைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன். கேட்பது ஒன்றுதான். நான் அவளிடம் எத்தனை சொன்னாலும், அது ஓட்டுப் போட்டவனின் ஆறுதல். அவள் வாழ்க்கையை மாற்றிக்கொண்டது உங்கள் வாக்கியத்தை வைத்து. உங்களிடமிருந்து ஒரு வரி அவளுக்குப் போக வேண்டும்.

மைத்துனன்


செப்டம்பர் 27

மச்சானுக்கு,

நாலு நாள் உட்கார்ந்தேன். ‘அம்மா, நீ சொன்னது எனக்குக் கேக்கல’ன்னு எழுதணும். கை வரல. ஒரு ஃபேக்டரியையே நிறுத்தின கை.

அன்னிக்கு மைக்கை வாங்கினப்ப, தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அடுத்த கேள்வி ஏன்னு வரும். அதுக்குப் பயந்துதான் உடனே சொன்னேன். யோசிக்கிறவன் மாதிரி நின்னா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு.

நீ எழுது. உனக்குத்தான் எழுத வரும். என் பேரு மட்டும் வேணாம்.

‘நீயும் பயந்தியா?’ன்னு நான் கேட்டதுக்கு அக்கா இன்னும் பதில் சொல்லல. நான் திரும்பக் கேக்கவும் இல்ல.

அத்தான்


அக்டோபர் 5

குண்டூசிக்கு,

உன் தொண்டை தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இன்னும் கரகரப்பு இருந்தால் சில வாரம் கத்தாமல் இரு. கடை விலாசத்துக்கு எழுதுவதற்கு மன்னிக்கவும். வேறு விலாசம் தெரியாது.

மார்ச் இறுதிப் போட்டியில் உன்னை மதிப்பிட்ட மூன்று நடுவர்களில் ஒருவருக்கு, அன்று நீ சொன்னது காதில் விழவில்லை. கவனக்குறைவு இல்லை, வேண்டுமென்று செய்ததும் இல்லை. காது கேட்காது. அதை வெளியே சொல்லக் கூசி, கண்ணால் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொன்னார். நீ மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாய். எதிரில் நின்றவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கூட்டம் உன் நான்காவது வரியில் அசைவற்றுப் போயிற்று. இவற்றைப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில் ஒன்று அப்படிப்பட்டது. ஆகவே அந்தக் கணக்கு கணக்கே இல்லை. கோப்பையை உனக்குத் திருப்பித் தர என்னால் முடியாது. நடந்தது இன்னதென்று சொல்ல மட்டும் முடியும்.

பிறகு ஒரு மத்தியானம், அவர் வீட்டில் இருப்பவர் எதிரில் உட்கார்ந்து உன் வரிகளை அவருக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வரியாக. ஆயுள் முழுக்க உரக்கப் பேசிய மனிதர் அவர். அன்று முதல் இன்றுவரை அந்த வீட்டில் குரல் எழவில்லை. நீ புல்டோசரின் முகத்தில் தேடிய அடி, அவர் வீட்டில் போய் விழுந்தது. நெருப்பு இருந்ததா இல்லையா என்று யாரிடமும் இனி கேட்காதே.

நீ இனியும் கத்தலாம். கத்தி ஜெயிக்கலாம், அது உன் விருப்பம், கத்தத் தெரிந்தவர்களுக்கும் இந்த மேடையில் இடம் உண்டு. ஆனால் உன் பழைய வரிகளைச் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடாதே. அவற்றை எடை போட்ட தராசில் ஒரு தட்டே இல்லை. அவற்றில் நினைவிருப்பதை எல்லாம் மறுபடி எழுதி வை. அடுத்த முறை மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடி.

கீழே பெயர் தேடுவாய். ரேடியோக்காரரா, பெரியவரா, வாத்தியாரா என்று யோசிப்பாய். என் பெயரைப் போட்டால் மீதி இருவரில் யார் என்று நீ ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாய். அது மட்டும் இல்லை. பெயர் போட்டால் உன்னிடமிருந்து எனக்கு ஒரு நன்றி வரும், அல்லது ஒரு திட்டு வரும். உண்மை தெரிந்தும் இத்தனை மாதம் சொல்லாதவனுக்கு எது வர வேண்டியது என்று எனக்குத் தெரியும். அதற்காக இந்தத் தாளை மூன்று முறை திருப்பி எழுதினேன். இரண்டு முறை பெயர் போட்டேன், கிழித்தேன். காது கேட்காதவன் நான்தான் என்று நீ நினைத்துக்கொண்டாலும் நினைத்துக்கொள்.

உறையில் உன் கடை விலாசம் மட்டும் எழுதியிருக்கிறேன். தாளை மடித்தாயிற்று. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன்.